கூழில் கொஞ்சம் மாயம்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதை என் அம்மாவின் ஊரான பருத்தித்துறையில் நடக்கிறது. அம்மம்மா காய்ச்சும் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழைக் குடிப்பவர்கள், மனதில் பூட்டி வைத்ததைத் தங்களை அறியாமல் சொல்லிவிடுவார்கள். வாசித்த தோழி, "ஏன் இப்படி நடக்குது என்று விளக்கு, இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைக் கதை" என்கிறாள். இன்னொருவர், "இவ்வளவு இழப்புக்குப் பிறகு எங்கட ஊரை இப்படி மென்மையாக எழுதலாமா?" என்று கேட்டார். அதோடு எழுத்து நின்றுவிட்டது.
– ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புள்ள தங்கச்சி,

விளக்கவே விளக்காதீர்கள். நாவூறு கழித்த வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். என் அம்மம்மா மூன்று செத்தல் மிளகாயையும் கொஞ்சம் உப்பையும் கைக்குள் பொத்தி, என் தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, அடுப்பில் போடுவார். மிளகாய் எரியும், ஆனால் ஒருவருக்கும் இருமல் வராது. "பார், எவ்வளவு நாவூறு!" என்பார். அடுத்த மூச்சிலேயே, "புட்டு ஆறுது, வந்து சாப்பிடு." அவ்வளவுதான். அந்தப் புட்டுதான் எங்களை நம்ப வைத்தது. உங்கள் கதையிலும் வீட்டுக்காரர் ஆச்சரியப்படாமல் இருந்தால் வாசகர் தானாக நம்புவார்.

மெக்சிக்கோ எழுத்தாளர் லோரா எஸ்கிவெல் 1989இல் வெளியிட்ட நாவலில் ஒரு பெண், தான் விரும்பியவனுக்கும் தன் அக்காவுக்கும் நடக்கும் கலியாணத்துக்குக் கேக் செய்கிறாள். அவளுடைய கண்ணீர் மாவில் விழுகிறது. சாப்பிட்ட விருந்தினர் எல்லோரும் அழுகிறார்கள். அங்கேயும் விளக்கம் கிடையாது. அவளுடைய துக்கம் எங்களுக்கு முதலே தெரியும், அது போதும்.

ஆகவே உங்கள் அம்மம்மாவின் மனதில் என்ன கிடக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒடியல் மாவை ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை வடித்தால்தான் கசப்புப் போகும். அந்தக் கசப்புத் தண்ணீரை அவர் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார்? அந்த இடத்தில் என்ன முளைக்கிறது? நண்டும் இறாலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் வேகும் மணத்தை நிதானமாக, ஒரு பக்கமாவது எழுதுங்கள். கை வேலை எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மாயமும் நிற்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். கூழ் வாயைத் திறக்கட்டும், ஆனால் காணி வழக்கை வெல்லவும் கடனைக் கட்டவும் வேண்டாம். சொல்லிவிட்டதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்ற கஷ்டம் கூழைக் குடித்தவர்களுக்கே இருக்கட்டும்.

இழப்பைப் பற்றிய கேள்வி என்னையும் பல நாள் தூங்கவிடாத கேள்விதான். மென்மையாக எழுதுவதால் இழப்பு மறைந்துபோகாது. முற்றத்தில் எல்லோரும் வட்டமாக இருக்கும்போது, அம்மம்மா கூழ் குடிக்கப் பனையோலையில் ஒரு பிளா கூடுதலாகக் கோலி வைக்கட்டும். யாருக்கு என்று ஒருவரும் கேட்க வேண்டாம். கடைசியில் அதைக் கழுவி, கவிழ்த்து வைக்கட்டும். எங்கள் வாசகர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் எழுத முடியாத நாட்களில் தமிழ்ச் சங்க நூலகத்தில் போய் இருங்கள், உங்களுக்குக் கிட்டத்தானே. ஈழத்து நாவல்களில் பேச்சு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் அம்மம்மா கொழும்புத் தமிழில் கதைத்துவிடக் கூடாது.

அப்புறம், நின்றுபோன இடத்திலிருந்து தொடங்க ஒரு வழி. கூழ்ச் சட்டியை இறக்கியதும், "எனக்கு வயிறு சரியில்லை" என்று எழுந்து போகிறவர் அந்த வீட்டில் யார்? நாளைக்குக் காலையில் அவருக்குப் பின்னால் போய் எழுதுங்கள்.