அந்த வீட்டில் தாத்தா எங்கே?

கேள்வி: எனக்கு 64 வயது. கூடப்பிறந்தவர்கள் ஏழு பேர். பாட்டி, சித்தப்பா குடும்பம் என்று எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். இன்று மகன் வெளிநாட்டில். ஞாயிறுதோறும் 20 நிமிட வீடியோ கால், அவ்வளவுதான். ஆறு வயதுப் பேரன் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுகிறான். குடும்பம் என்பதே முடிந்துபோய்விட்டதா?

பதில்: அம்மா, கடிகாரம் பார்த்து 20 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்களே, வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் பாட்டி வருகிறார், தாத்தாவைக் காணோம். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான். 1900 வாக்கில் உலகின் சராசரி ஆயுள் 32 வயதுதான். சிறு வயதிலேயே ஏராளமான குழந்தைகள் இறந்ததும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இன்று அது 73. பேரப்பிள்ளை வளர்ந்து ஆளாவதைப் பார்க்கும் யோகம் அன்று எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்?

ஏழு பேர் என்கிறீர்கள். 1950இல் உலகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5 குழந்தைகள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஐந்து வயதைத் தாண்டாது. இன்று அந்த இழப்பு நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. பிறந்தது பிழைக்கும் என்ற தைரியம் வந்த பிறகுதான் ஒன்று, இரண்டோடு நிறுத்த மனசு வந்தது. 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. போகப்போக, எத்தனை பிள்ளை என்பதில் பெண்ணின் பேச்சும் எடுபட ஆரம்பித்தது.

அப்புறம், சேர்ந்து இருந்ததற்குப் பாசம் மட்டுமா காரணம்? நிலமும் தொழிலும் பொதுவில் இருந்தன. பெரும்பாலானவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, பிள்ளைகள்தான் ஓய்வூதியம். மாதச் சம்பளம் வந்ததும் ஆளுக்கொரு திசையில் வேலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. போகட்டும், அந்த வீட்டில் உங்கள் அம்மா நிம்மதியாக உட்கார்ந்து நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? அத்தனை பேர் துணியையும் கையால் துவைத்தவர் யார்?

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். “சாப்பிட்டாயா, படித்தாயா” என்று முகத்துக்கு நேரே கேட்டுக்கொண்டிருந்தால் ஆறு வயதுப் பிள்ளை ஓடத்தான் செய்யும். உங்கள் பாட்டி உங்களை எதிரில் உட்காரவைத்தா பேசினார்? அவர் பாட்டுக்கு வேலை செய்தார், நீங்கள் பக்கத்தில் விளையாடினீர்கள். மகனிடம் சொல்லி, பையன் விளையாடும் இடத்தில் போனைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் நீங்கள் துணி மடித்துக்கொண்டிருங்கள். பத்து நிமிடம் யாருமே பேசாவிட்டாலும் சரி, இணைப்பைத் துண்டிக்காதீர்கள். எழுந்து ஓடினவன் ஏதாவது பொம்மையை எடுத்துக்கொண்டு திரும்பி வருவான்.