குறும்படத்தில் ஒரு காட்சி எடிட்டில் ஒட்டவில்லை, ரீஷூட்டுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். எதையெல்லாம் மறுபடி எடுப்பது?

டீக்கடையில் அண்ணனும் தம்பியும் வீட்டை விற்பது பற்றிப் பேசும் காட்சி. வைடும் (இருவரும் இடமும் தெரியும் ஷாட்) அண்ணனின் க்ளோஸும் (முகத்தை நெருங்கி எடுத்தது) நன்றாக வந்திருக்கின்றன, தம்பியின் க்ளோஸில் லுக், அதாவது பார்க்கும் திசை, தப்பு, வெயிலும் மாறிவிட்டது. அதனால் முழுவதையும் திரும்ப எடுக்கலாமா என்கிறீர்கள். மாணவர் படங்களுக்கு எடிட் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம்.

முதலில் இருக்கிற ஷாட்டுகளை வைத்தே காட்சியைக் கடைசி வரை வெட்டி முடியுங்கள். ஷாட் இல்லாத இடத்தில் கறுப்புத் திரை, அதன் மேல் 'தம்பி நிமிர்ந்து பார்க்கிறான்' என்று எழுத்து, அடியில் போனில் பேசிப் பதிவுசெய்த வசனம். ஓட்டிப் பார்த்தால் சில கறுப்புத் துண்டுகள் தேவையே இல்லை என்று தெரியும். தம்பி பேசும்போது அண்ணன் முகத்தையே காட்டலாமே! பேசுபவனைவிடக் கேட்பவன் முகம்தான் பல நேரம் காட்சியைத் தூக்குகிறது. 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னும் 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடிய நொடிகளைத் துழாவுங்கள். நல்ல ரியாக்‌ஷன் அங்கே சிக்கும்.

லுக் தப்பு என்பது கோடு தாண்டியதால், அதாவது இருவருக்கும் இடையிலான கற்பனைக் கோட்டின் மறுபக்கம் கேமரா போனதால் வந்ததென்றால், ஷாட்டை இடவலமாகத் திருப்பியும் பார்க்கலாம். ஆனால் பின்னால் கடைப் பலகை தெரிந்தால் அவ்வளவுதான். சட்டைப் பாக்கெட் வலப்பக்கம் போகும், வகிடும் மாறும்.

இதற்குப் பிறகும் மிஞ்சுகிற ஓட்டைகள்தான் உங்கள் பேட்ச் ஒர்க், அதாவது மறுபடி எடுக்க வேண்டியவை. பெரும்பாலும் தம்பியின் ஒரு க்ளோஸ், கை, டம்ளர் என்று சுருங்கிவிடும். க்ளோஸ் என்பதால் டீக்கடைக்கே போக வேண்டியதில்லை, அதே நிறச் சுவர் கிடைத்தால் போதும். டைம்லைனிலிருந்து அண்ணன் க்ளோஸை ஸ்டில்லாக எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு லென்ஸ், கேமரா உயரம், ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிற அமைப்பு), வெளிச்சம் வரும் பக்கம் நான்கையும் அதோடு ஒப்பிடுங்கள். ஃபிரேம் ரேட்டும் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) பழையதே இருக்கட்டும். 24-உம் 30-உம் கலந்தால் அசைவு துள்ளும். ட்யூப்லைட் இருந்தால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு வேகம் வைத்தால் படம் மினுக்கலாம்.

அப்புறம், தம்பியாக நடித்தவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: முடி வெட்டக்கூடாது, தாடியில் கை வைக்கக்கூடாது, அந்தச் சட்டையைத் துவைத்தாலும் யாருக்கும் கொடுத்துவிடக்கூடாது. இது போனால் மற்ற எல்லாத் திட்டமும் வீண்.

அன்று லேப்டாப்பில் ப்ராஜெக்ட்டோடு போங்கள். எடுத்த ஷாட்டை அந்தக் கறுப்புத் துண்டின் இடத்தில் போட்டுப் பார்த்த பிறகு நடிகரை அனுப்புங்கள்.