கேள்வி – பதில்: நிலம் அளக்க ஆள் வந்தால்

கேள்வி: எங்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிலத்தில் நாலு பேர் கருவியோடு இறங்கி, சிவப்பு முளை அடித்துவிட்டுப் போனார்கள். சாலை வருகிறதாம், அரசாங்க வேலையாம். எந்தத் தாளும் காட்டவில்லை. என்ன செய்வது? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முளையைப் பிடுங்காதீர்கள். அதிகாரத்தோடு வந்தவர்கள் அடித்ததாக இருந்தால் அது குற்றமாகும். முதலில் தாளைத் தேடுங்கள்.

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி இரண்டு போராங், அதாவது படிவங்கள், வேண்டும். போராங் ஏ என்பது இந்த வட்டாரத்தில் நிலம் தேவைப்படலாம் என்று கெஜட்டில் (அரசிதழில்) வரும் அறிவிப்பு. நில அலுவலகத்திலும் ஊர் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவார்கள். வீட்டுக்குத் தபாலில் வருமென்று காத்திருக்க வேண்டாம். போராங் பி என்பது உள்ளே நுழைய இன்னாருக்கு மாநில நில, சுரங்க இயக்குநர் தரும் எழுத்து அனுமதி. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கம்பெனி அட்டையை நீட்டினால் அது போதாது. போராங் பி-யைக் கேட்டு வாங்கிப் படம் எடுங்கள்; வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் இருந்தால் அவர்கள் அளக்கலாம், மட்டம் பார்க்கலாம், மண்ணைத் துளைக்கலாம், குழி வெட்டி அடையாளம் போடலாம். வேறு வழியே இல்லையென்றால் பயிரையும் வேலியையும் வெட்டலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தச் சட்டத்தைக் காட்டி நுழைய முடியாது. உங்கள் சம்மதம் வேண்டும். கிராண்ட் (நிலப் பட்டா) நகலோடு நில அலுவலகம் போய், உங்கள் லாட் (நிலத்துண்டு) இருக்கும் முக்கிமுக்கு, அதாவது மாவட்டத்தின் உட்பிரிவுக்கு, போராங் ஏ வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால் அதன் தேதி மிக முக்கியம். 12 மாதத்துக்குள் போராங் டி, அதாவது நிலம் தேவை என்று உறுதியாகச் சொல்லும் அறிவிப்பு, வந்தால், நிலத்தின் சந்தை விலையை அந்தத் தேதியை வைத்தே கணக்கிடுவார்கள்.

சேதத்துக்குப் பணம் தரவேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. சாலை வேறு பக்கம் போனாலும் இது உண்டு. ஆனால் ஆதாரம் இல்லாமல் கேட்டால் நிற்காது. அன்றைக்கே வெட்டிய மரங்களை எண்ணி, வயதைக் குறித்து, அடிமரத்தைப் படம் எடுங்கள். ஆலையில் குலை எடை போட்ட ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பலர் கவனிக்காதது துளைக் குழியும் வாய்க்காலும்தான். மூடாத குழிமேல் மட்டை விழுந்து மறைத்தால் குலை வெட்டுகிறவரின் கால் உள்ளே போகும். அடையாளக் குழியின் மண் வாய்க்காலில் சரிந்தால் மரத்தடியில் தண்ணீர் கட்டும். கோரிக்கைக் கடிதத்தை மாநில இயக்குநருக்கு அனுப்பி, நகலை நில அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். தொகை போதாவிட்டால் ‘முழுவதும் தீர்ந்தது’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். பின்கட்டில் வேலி போட்டுக் கீரை, வாழை வைத்திருக்கிறோம். அளப்பவர்கள் அதற்குள் வரலாமா? நிலம் போனால் எங்களுக்கு இழப்பீடு உண்டா? – குடும்பத் தலைவி, பேரா

பதில்: வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய அடைப்புத் தோட்டத்துக்குள்ளோ வர உங்கள் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 3 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த உரிமை குடியிருப்பவருக்கு உரியது. ஆகவே தோட்ட நிர்வாகம் தலையாட்டியது உங்கள் சம்மதம் ஆகாது.

இழப்பீட்டு விஷயம் வேதனையானது. உரிமையாளர் விருப்பத்தின் பேரில் மட்டும் குடியிருப்பவரைச் சட்டம் இழப்பீடு கோரும் தரப்பாக ஏற்பதில்லை. வேலையோடு கிடைத்த வீடுகள் பலவும் இதில்தான் மாட்டுகின்றன. வாடகை ஒப்பந்தம், வீடு தருவதாக நிர்வாகம் எழுதிய கடிதம், சம்பளச் சீட்டில் வீட்டுப் பிடித்தம் என எது இருந்தாலும் இப்போதே எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். மாற்று வீடு என்பது நிர்வாகத்தோடு பேசி வாங்க வேண்டியது. அந்தப் பேச்சை நிலம் கைமாறும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: போராங் ஏ வந்தாலே நிலம் போய்விட்டதா? – வாசகர், கோல கங்சார்

பதில்: இல்லை. 12 மாதத்துக்குள் போராங் டி வராவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் புதிதாக ஒன்று போடலாம். போராங் டி-க்குப் பிறகு போராங் ஈ மூலம் விசாரணைக்கு அழைப்பார்கள். அறிவிப்பு வந்து 21 நாள் கழிந்ததும் விசாரணை வைக்கலாம். நிலமதிப்பீட்டாளரின் அறிக்கையை அதற்குள் வாங்குவது கடினம். போராங் டி வந்தவுடனே அவரிடம் சொல்லி வையுங்கள்.