கடைசி எழுத்தில் நிற்கும் விரல்

கேள்வி: ரெம்ப்ராண்டின் ‘பெல்ஷாத்சாரின் விருந்து’ ஓவியத்தில் சுவரில் இருப்பது நிஜமான எபிரேய எழுத்துதானா? எபிரேயம் படித்த என் நண்பருக்கே அது பிடிபடவில்லை. சும்மா கிறுக்கி வைத்திருக்கிறாரா?

பதில்: கிறுக்கல் இல்லை. உங்கள் நண்பர் வரிவரியாகப் படித்துப் பார்த்திருப்பார், மாட்டிக்கொண்டார். இந்த ஓவியத்துக்கு மூலமான பைபிள் கதையில் ராஜாவின் ஞானிகளும் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்களாம்.

எருசலேம் ஆலயத்தில் கொள்ளையடித்த பாத்திரங்களில் பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் மது குடிக்கிறான். ஒரு கை தோன்றிச் சுவரில் ‘மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்’ (எண்ணப்பட்டது, எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது) என்று எழுதுகிறது. மொழி அரமேயம்; எபிரேய எழுத்தில் எழுதினால் இது 15 எழுத்து. ரெம்ப்ராண்ட் அதை ஐந்து பத்தியாக, பத்திக்கு மூன்றாக, மேலிருந்து கீழே இறக்கியிருக்கிறார். வலது ஓரத்தில் தொடங்கிக் கீழே இறங்கினால் ‘மெனே’ வரும். வழக்கம்போல வலமிருந்து இடமாக மேல்வரியைப் படித்தால் ம், ம், த், வ், ச்! யாருக்குப் புரியும்?

ஞானிகளால் ஏன் படிக்க முடியவில்லை என்பதற்கு இது யூத மரபில் பழைய விளக்கம். ஆம்ஸ்டர்டாமில் ரெம்ப்ராண்ட் காலத்தில் வாழ்ந்த யூத அறிஞர் மெனாசே பென் இஸ்ரேல் 1639-ல் இதைத் தன் நூலிலும் எழுதினார். ஓவியம் அதற்குச் சற்று முந்தையது என்பதால், ரெம்ப்ராண்ட் இதை அவர் நேரில் சொல்லிக் கேட்டிருப்பார் என்று கருதுகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், முதல்முறை இந்தப் படத்தைப் பார்த்தபோது நான் எழுத்தைக் கவனிக்கவே இல்லை. வலப்பக்கம் சிவப்பு உடைப் பெண் திடுக்கிட்டுக் குனிகிறாள் பாருங்கள், அவள் கையிலிருக்கும் பாத்திரம் சரிந்து மது கொட்டுகிறது. அது இன்னும் கீழே விழுந்து முடியவில்லை. அப்புறம்தான் அரசன். அவ்வளவு பெரிய தலைப்பாகை மேல் அத்தனை சின்ன கிரீடம்! லண்டன் நேஷனல் கேலரிக்குப் போகும் வாய்ப்பு வந்தால் அவன் மேலங்கியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சாயத்தை அப்பி அப்பியே பொன்வேலை செய்திருக்கிறார்.

ஒரு பிழையும் உண்டு. கடைசி எழுத்து நீண்டு இறங்கும் ‘நூன்’ ஆக இருக்க வேண்டும். கால் குட்டையாகி ‘ஸயின்’ என்ற வேறு எழுத்தைப் போல நிற்கிறது. ஆனால் அந்தக் கை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எழுதி முடிக்கட்டும், கால் நீளும் என்று ரெம்ப்ராண்டுக்காக நான் வாதாடுவேன். நண்பரிடமும் சொல்லிப் பாருங்கள்.