பொதுப் பாடநெறிகளை உருப்படியாக நடத்துவது எப்படி?

பல்கலைக்கழகத்தில் எல்லாப் பீடத்தாரும் படிக்கும் பொதுப் பாடநெறிகளை எப்படி மேம்படுத்தலாம் என்பது கேள்வி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன்: தலைப்புகளைக் குறைத்து, ஒரு கேள்வியைச் செமஸ்டர் முழுக்கப் படிக்க வையுங்கள்.

முதலில் மணிக்கணக்கு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 50 மணிநேர உழைப்பு. இரண்டு கிரெடிட் பாடத்துக்கு 100 மணி. விரிவுரை 30 மணி போக மிஞ்சும் 70 மணியில் மாணவர் செய்ய வேண்டியது என்ன என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பாடம் கெடுவது அங்கேதான். பெரிய மண்டபத்தில் ஸ்லைட் ஓடும், கடைசி வாரம் நோட்ஸ் கைமாறும், பரீட்சையோடு எல்லாம் மறந்துபோகும்.

நல்ல கேள்வி பக்கத்திலேயே இருக்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஏன்? பிரயோக விஞ்ஞானம், வணிகம், சித்த மருத்துவம் என மூன்று பக்கத்தாரும் கலந்த ஐவர் குழு அளக்கட்டும். வெப்பமானியை முதலில் உருகும் ஐஸில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஆழம், மூன்று வாசிப்பு, நீருக்குள் இருக்கும்போதே வாசிப்பது. வெளியே எடுத்து வாசித்தால் அளவு இறங்கிவிடும். குளிப்பவர்கள் வாளியால் கலக்குமுன், விடியற்காலையில் போவது நல்லது.

பிறகு கணக்கு. ஊற்று 40 பாகை, சாதாரணக் கிணறு 28 பாகை என்று வந்தால் வித்தியாசம் 12. நிலத்தடியில் கிலோமீற்றருக்குச் சுமார் 25 பாகை கூடும் என்று கொண்டால், நீர் குறைந்தது அரைக் கிலோமீற்றர் ஆழம் போய் வந்திருக்க வேண்டும். 'குறைந்தது' என்று ஏன் சொல்ல வேண்டும்? மேலே வரும்போது சூடு குறையும், குளிர்ந்த நீரும் கலக்கும். இதைத் தானே எழுதிக் காட்டும் மாணவருக்கு அனுமானம் என்றால் என்ன என்று தனியாக விரிவுரை தேவையில்லை. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த கதை, இன்றும் அங்கே நடக்கும் அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை), தொல்லியல் சட்டம், சுற்றுலா வருமானம் எல்லாம் அடுத்தடுத்த வாரங்களுக்கு. நம்பிக்கை, ஆவணம், அளவு மூன்றுக்கும் சான்று வேறு வேறு என்பதை இங்கே தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால், இடம் யாருக்குச் சொந்தம் என்று வகுப்பு இனவாதச் சண்டையாகிவிடும்.

வாரம் ஒரு பக்கம், சுமார் 300 சொல் எழுத வேண்டும். ஒரு பக்கத்தைத் திருத்த 10 நிமிடம் என்றால் 25 பேருக்கு நாலு மணிநேரம், 60 பேருக்குப் பத்து மணிநேரம். பத்து மணிநேரத்தை எந்த விரிவுரையாளரும் தாங்கமாட்டார். மூன்றாம் வாரத்தில் வெறும் 'சரி' அடையாளம்தான் விழும். ஆளில்லையென்றால் எல்லாரிடமும் வாங்கி, மூன்றிலொரு பங்கை மட்டும் சுழற்சியில் திருத்துங்கள். இரண்டு பக்கங்களையாவது கருத்துக் கேட்டுத் திரும்ப எழுத வையுங்கள். புள்ளியில் 60 வீதம் இந்த எழுத்துக்கு. இறுதிப் பரீட்சைக்கே பெரும்பங்கு கொடுத்தால் யாரும் எழுதமாட்டார்கள்.

மொழி: குழுவுக்குள் தமிழிலோ சிங்களத்திலோ பேசட்டும், ஆங்கிலம் இறுதிப் பிரதிக்குப் போதும். முதல் வரைபையே ஆங்கிலத்தில் கேட்டால் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டத்தான் செய்வார்கள்.

நேரசூசிதான் கடைசித் தடை. பீடங்கள் தத்தம் பாடங்களைப் போட்டபின் கேட்டால் மாலை நாலு மணிதான் மிஞ்சும். மூதூர், கிண்ணியா பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நிற்கமாட்டார்கள். ஆய்வுகூட வகுப்புகளுக்கு முன்பே, ஜும்ஆத் தொழுகைக்குரிய வெள்ளி நண்பகலைத் தவிர்த்து, பொதுவான இரண்டு மணிநேரத்தைப் பூட்டி வையுங்கள்.