சூடேறும்போது துண்டிக்கப்படும் மின்சாரம்

கேள்வி: எங்கள் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தை இயக்கினால், சூடேறத் தொடங்கிய சில நிமிடங்களில் வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. பம்ப் பழுதாக இருக்குமோ?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பம்பை விட ஹீட்டரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மின்சுமை மிகுந்தால் விழுவது எம்.சி.பி.; ஆர்.சி.சி.பி.யோ, சென்ற மின்னோட்டத்திற்கும் திரும்பிய மின்னோட்டத்திற்கும் இடையே வேறுபாடு ஏற்படும்போது, வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்குள், விழுந்துவிடும். ஆகவே எங்கோ எர்த்துக்கு மின்சாரம் கசிகிறது. ஹீட்டரின் உலோகக் குழாய்க்குள் சுருள் கம்பியைச் சுற்றி, மின்சாரத்தைக் கடத்தாத மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைக்கப்பட்டிருக்கும். உப்புநீரால் அரிக்கப்பட்டுக் குழாயில் வெடிப்பு விழுந்தாலும், நெடுநாள் பயன்படுத்தாமல் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வைத்திருந்தாலும் அத்தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அதன் வழியே மின்சாரம் உலோகக் குழாய்க்குக் கசியும். ஈரம் மட்டுமே காரணமென்றால் உலர்த்திச் சரிசெய்யலாம். வெடிப்பென்றால் ஹீட்டரை மாற்றுவதே வழி.

பிளக்கைப் பிடுங்கி, இயந்திரம் ஆறி அழுத்தம் தணிந்த பின், எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஹீட்டரின் இரு இணைப்புகளையும் கழற்றச் செய்யுங்கள். மல்டிமீட்டரில் அவ்விரு முனைகளுக்கிடையே 1,200 வாட் ஹீட்டர் சுமார் 44 ஓம் காட்டுவது சுருள் அறுபடவில்லை என்பதை மட்டுமே சொல்லும். கசிவை அறிய, முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெகரால் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ஹீட்டரே குற்றவாளி. அளவு சரியாக இருந்தால், நீராவி கசிந்து நனைந்த வால்வு, தெர்மோஸ்டாட் இணைப்புகளைப் பாருங்கள்.

எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். அப்போது கசியும் மின்சாரம் இயந்திரத்தைத் தொடுபவரின் உடல் வழியே பாயும்.