4,29,49,67,297: ஓர் எண், ஐந்து கேள்விகள்

கேள்வி: 429 கோடியைத் தாண்டிய இந்த எண்ணுக்குக் கணித நூல்களில் ஏன் இத்தனை இடம்?

பதில்: இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இது. இரண்டை 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640இல் கருதினார்; ஆனால், அதற்கான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆறாவதாக வரும் நம் எண்ணை 641 × 67,00,417 என்று சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் 1732இல் பிரித்துக் காட்டியதும் அந்தக் கருத்து சரிந்தது.

கேள்வி: கணிப்பொறி இல்லாத காலத்தில் 641 எப்படிச் சிக்கியது?

பதில்: இதன் பகாக் காரணி எதுவாயினும் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பதை நிறுவியவரும் ஆய்லரே. அந்தச் சல்லடையில் மிஞ்சும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்வதால், ஐந்தாவது வகுத்தலிலேயே விடை வந்துவிடுகிறது. 64க்குப் பதில் 128 போதும் என்று 1878இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா காட்டிய பிறகு 257, 641 என இரண்டே வகுத்தல்கள்.

வகுக்காமலும் சரிபார்க்கலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16. ஆகவே 641ஆல் வகுக்கும் கணக்கில் 5 × 128ஐ −1 என்றும், 625ஐ −16 என்றும் கொள்ளலாம். முதலாவதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2இன் 28ஆம் அடுக்கு) = 1 என்றாகும்; அதில் 625க்குப் பதில் −16ஐ இட்டால், 2இன் 32ஆம் அடுக்கு −1 ஆகிவிடும். அதனுடன் ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம்.

கேள்வி: 67,00,417 மேலும் பிரியாதா?

பதில்: பிரியாது. அதன் வர்க்கமூலம் 2,588ஐச் சற்றே தாண்டுகிறது; அதற்குள் லூக்காவின் நிபந்தனைக்கு உட்படும் பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622.

கேள்வி: இதை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

பதில்: இரண்டு விதமாக எழுதலாம், இவ்வெண்ணிடம் எனக்கு மிகவும் பிடித்த பண்பும் இதுதான். ஒன்று, 65,536இன் வர்க்கத்துடன் 1இன் வர்க்கம். மற்றொன்று, 62,264இன் வர்க்கத்துடன் 20,449இன் வர்க்கம். பகா எண்ணுக்கு இரண்டாவது வழி இருக்கவே முடியாது என்பதால், இதுவே இது பகு எண் என்பதற்குப் போதிய சான்று. காரணியும் இதற்குள்ளேயே இருக்கிறது: 65,536 − 62,264 = 3,272; 20,449 − 1 = 20,448; இரண்டையும் அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியான 8ஆல் வகுத்தால் 409, 2,556; இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 67,00,417.

கேள்வி: இரண்டை அடிமானமாகக் கொண்ட ஃபெர்மா சோதனையை நிரலாக எழுதினேன், இதைப் பகா எண் என்கிறதே?

பதில்: நிரலில் பிழை இல்லை. சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு அடிமானத்தை உயர்த்தி, அந்த எண்ணால் வகுக்கையில் மீதி 1 வந்தால் அதைப் பகா எண் என்று கொள்வதே ஃபெர்மா சோதனை; சில பகு எண்களும் அதில் தப்பிவிடும். இவ்வெண்ணால் வகுத்தால் இரண்டின் 64ஆம் அடுக்கு மீதி 1 தரும். சோதனையில் வரும் அடுக்கான 4,29,49,67,296 என்பது 64இன் மடங்கு என்பதால் அங்கும் மீதி 1தான். அடிமானத்தை 3 என மாற்றி ஓட்டிப் பாருங்கள். மீதி 1 வராது.